தாக முறை

சேந்தாற்றில் எங்களுக்குத் தண்ணீர் வர வேண்டுமென்றால் ஊரில் பத்துப் பேர் தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டும். வெளியூர்க்காரனிடம் இதைச் சொன்னால் ஏதோ கோயில் விரதம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வான். சாமிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. விரதம் மெஷினுக்கு.

நான் எல்லைக் கதவணையில் லஸ்கர். ஷட்டரை ஏற்றுவது, இறக்குவது, கியருக்குக் கிரீஸ் போடுவது, ஆகாயத்தாமரை வந்து அடைத்தால் கழியால் தள்ளிவிடுவது. பெயர் துரைக்கண்ணு. ஊர் கீழப்பிடாகை. வயது எழுபத்தொன்று. இந்த வயதில் லஸ்கர் வேலையா என்று கேட்பார்கள். இரண்டு நாட்டு ஒப்பந்தத்தில் என் பெயர் அச்சாகிவிட்டது. அதை மாற்ற வேண்டுமென்றால் இரண்டு நாட்டு மந்திரிகளும் ஒரே மேசையில் உட்கார வேண்டுமாம். அவர்கள் உட்காரப் போவதில்லை. அதனால் நான் சாகும்வரை லஸ்கர்.

கதவணைப் பாலத்தின் நடுவில் மஞ்சள் பெயின்டில் ஒரு பட்டை அடித்திருக்கிறார்கள். அதற்கு அந்தப் பக்கம் தலைமடை நாடு, இந்தப் பக்கம் கடைமடை நாடு. வரைபடத்தில் வேறு பெயர்கள் உண்டு. கொடி, பாட்டு எல்லாம் உண்டு. எங்களுக்கு அவர்கள் தலைமடைக்காரர்கள், நாங்கள் கடைமடைக்காரர்கள், அவ்வளவுதான். ஒரு காலத்தில் ஒரே நாடாக இருந்ததாம். பாஷை இன்னும் ஒன்றுதான். திட்டினால் முழுசாகப் புரியும்.

அந்தப் பக்கத்து லஸ்கர் தேவசகாயம். என்னைவிடப் பத்து வயது இளையவன். பட்டைக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பீடி குடிப்போம். பட்டையைத் தாண்டுவது தீப்பெட்டி மட்டும்தான்.

மெஷின் வருவதற்கு முன்னால் இரண்டு நாடும் பொய் சொல்லியே காலம் தள்ளின. அவர்கள் மழை பெய்தாலும் பெய்யவில்லை என்று எழுதினார்கள். நாங்கள் நூறு ஏக்கர் நட்டால் முந்நூறு என்று எழுதினோம். பொய்யில் யாரும் யாருக்கும் இளைத்தவனில்லை. கடைசியில் ஒரு வருஷம் பாலத்திலேயே சுட்டுக்கொண்டார்கள். எங்கள் பக்கம் ஒருத்தன் போனான், அவர்கள் பக்கம் ஒருத்தன் போனான். அதற்கப்புறம்தான் கடல் தாண்டி எவனெவனோ வந்து பஞ்சாயத்துப் பேசி, 'நடுவர்' என்று ஒரு மெஷினைக் கதவணைக் கட்டடத்தில் கொண்டுவந்து வைத்தான். ஐஸ் பெட்டி உயரம்தான் இருக்கும். கூடவே அரிசி மணி அளவில் ஒரு சில்லு. அதை ஆற்றை நம்பியிருக்கிற அத்தனை பேர் கையிலும் ஊசியால் ஏற்றினார்கள். நாங்கள் அதை மணி என்போம். ரத்தம் எவ்வளவு வறண்டிருக்கிறது என்று மணி சொல்லும், மெஷின் கேட்டுக்கொள்ளும். வறட்சி ஒரு கோட்டைத் தாண்டினால் அந்த ஊருக்கு ஷட்டர் திறக்க உத்தரவு வரும். இரண்டு பக்கமும் தாண்டினால், எவன் அதிகம் வறண்டானோ அவனுக்கு முதலில்.

எங்கள் ஜே.இ. நிறைமதி இதை எனக்கு விளக்கினாள். முப்பது வயதுப் பெண். நல்ல பெண்தான். ஆனால் அவளும் அரசாங்கம் என்பதை நான் ஒருநாளும் மறந்ததில்லை.

"காகிதம் பொய் சொல்லும் பெரியவரே. வானிலை ஆபீஸ்கூடச் சொல்லும். ஒடம்பு சொல்லாது" என்றாள்.

"ஒடம்பு சொல்லாதும்மா. அத வச்சிருக்கவன் சொல்லுவான்" என்றேன்.

சிரித்தாள். ஆறு மாதம் கழித்துச் சிரிக்கவில்லை.

மணி ஏற்றிக்கொள்ள முகாம் போட்ட அன்று நான் ஷட்டர் டியூட்டி என்று சொல்லிப் போகவில்லை. என் உடம்பு காய்ந்தால் என் மனைவிக்குத் தெரிந்தது, அவள் போனபிறகு என் மகளுக்குத் தெரியும். அதற்கு மேல் யாருக்கும் தெரிய வேண்டிய அவசியமில்லை என்று இருந்தேன். யாரும் திரும்ப வந்து கேட்கவுமில்லை.

மெஷினின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தது படித்தவன் இல்லை. சூளைக்காட்டுச் செங்கல் சூளையில் ஒருநாள் மோட்டார் கெட்டுப்போனது. அன்று முழுக்கப் பத்துப் பேர் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெயிலில் கல் அடுக்கியிருக்கிறார்கள். சாயங்காலம் எங்கள் ஷட்டருக்குப் பச்சை விளக்கு எரிந்தது. வயல் காய்ந்து கிடந்தபோது எரியாத விளக்கு. அடுத்த வாரம் வேண்டுமென்றே அதே பத்துப் பேர் குடிக்காமல் இருந்து பார்த்தார்கள். மறுபடியும் எரிந்தது. ஆயிரம் தலை உள்ள ஊர் எங்களுடையது. நூற்றுக்கு ஒருத்தர் கோட்டைத் தாண்டி, பத்துப் பேரும் ஒன்றாக ஒரு மணி நேரம் தாண்டியே இருந்தால் போதும் என்று தெரிந்துபோனது.

பாசன சங்கத் தலைவர் கலியபெருமாள் ஊரைக் கூட்டினார். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பது எங்களுக்குப் பழக்கம்தானே. இன்றைக்கு வடக்குத் தெரு மடை, நாளைக்குக் கீழத் தெரு மடை. அதே மாதிரி தாகத்துக்கும் முறை வைத்தார்கள். மாதத்துக்கு ஒரு தெரு, தெருவுக்குப் பத்துப் பேர். கதவணைக்குப் பக்கத்தில் பழைய உரக் குடோன் ஒன்று சும்மா கிடந்தது. அதுதான் முறைக்கொட்டகை. அங்கே போய் உட்கார வேண்டும். வாயில் புளியங்கொட்டை போட்டுக்கொள்ளலாம். வேறெதுவும் கூடாது.

ஒரு சட்டம் மட்டும் எல்லோரும் சேர்ந்து வைத்தோம். பிள்ளைகள் கூடாது. கர்ப்பிணி, பால் கொடுக்கிறவள் கூடாது. நோயாளி கூடாது. அறுபது தாண்டியவர் கூடாது. தெம்பான ஆட்கள் மட்டும்தான் உட்கார வேண்டும். அன்றைக்கு அது நியாயமாகப் பட்டது. இன்றைக்கும் அது நியாயம்தான். எங்களைக் கெடுத்தது அந்த நியாயம்தான்.

என் மகள் வேம்பு சூளையில் கல் அறுக்கிறவள். கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை, இரண்டே வருஷத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். முப்பத்தைந்து வயது. பேச்சு கம்மி, பிடிவாதம் அதிகம். முறைக்கு அவளைப் போல ஆள் கிடையாது. மற்றவர்கள் இரண்டாம் நாள் சுருண்டு படுக்கும்போது அவள் சுவரில் சாய்ந்து பாய் முடைந்துகொண்டிருப்பாள். ஊரில் அவளுக்கு ஒட்டகம் என்று பெயர். கேலிதான், ஆனால் அதில் மரியாதையும் இருந்தது. மாமியார் வீட்டில் கிடைக்காத மரியாதை. அவள் அதை விரும்பினாள் என்று நினைக்கிறேன். யாருக்காவது முடியவில்லை என்றால் அவர்கள் முறைக்கும் இவளே போய் உட்கார்ந்தாள். நான் வேண்டாம் என்றால், நீ சும்மா இருப்பா, ஊரில் எனக்கு வேறென்ன வேலை தெரியும் என்பாள்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. குறுவை போட்டோம், அறுத்தோம். கொட்டகையில் இருக்கிறவர்களைப் பார்த்து வெளியிலிருந்து இளநீர், நுங்கு என்று சத்தம் கொடுத்து வெறுப்பேற்றுவதுகூட ஒரு விளையாட்டாகிவிட்டது. மனுஷன் எதற்கும் பழகிக்கொள்வான். அதையும் ஒருத்தன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் வருஷம் சித்திரையில் பத்துப் பேர் உட்கார்ந்தார்கள். இரண்டாம் நாளே கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். விளக்கு எரியவில்லை. மூன்றாம் நாளும் எரியவில்லை. அதற்கு மேல் முடியாமல் எழுந்து வந்து குடித்துவிட்டார்கள். மெஷின் கெட்டுவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. நான் ஜே.இ.யிடம் போனேன்.

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"கோடு ஏறிடுச்சு பெரியவரே."

"யாரு ஏத்துனா?"

"யாரும் ஏத்தல. அதுவா ஏத்திக்கிச்சு. ஒப்பந்தத்துல தேவைன்னா என்னன்னு எழுதியிருக்கு. எது இல்லைன்னா ஒடம்புக்குக் கேடு வருமோ அதுதான் தேவை. உங்க ஆளுங்க ரெண்டு வருஷமா கோட்டத் தாண்டுறாங்க. மறுநாளே எந்திரிச்சு சூளைக்குப் போறாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. அப்ப இந்தக் கோடு தப்பு, இவங்களுக்கு இவ்வளவு தண்ணி வேண்டியதில்லன்னு அது கத்துக்கிச்சு."

"படுத்துக் கெடந்தாத்தான் தேவைங்குமா? செத்தாத்தான் நம்புமா?"

அவள் சாத்திய கதவை ஒருதடவை திரும்பிப் பார்த்தாள். மெஷின் எப்படி யோசிக்கிறது என்று ஊரிடம் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்களாம். இவ்வளவு சொன்னதே தப்பு என்றாள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. பாதி சொல்கிறவனிடம் மீதியைக் கேட்டால் பொய்தான் வரும் என்பது என் எண்ணம். அதனால் எழுந்து வந்துவிட்டேன்.

தலைமடைப் பக்கம் தேவசகாயத்தின் ஊரான அணைமேட்டு வாய்க்கால் நாலு மாதமாக நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் பாலத்தில் நின்று தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்று தேவசகாயத்திடம் நேராகக் கேட்டேன், உங்கள் ஊரில் மட்டும் எப்படி என்று. அவன் பீடியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அது அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"நாங்க தெம்பானவன உக்கார வைக்கல அண்ணே."

"பின்ன?"

"படுத்த படுக்கையா கெடக்குறவங்க. இனிமே தேறாதுன்னு சொல்லிட்ட ஆளுங்க. இதுவரைக்கும் ஏழு பேர். எங்க சின்னம்மா ஒருத்தி." அணைந்த பீடியை ஆற்றில் போட்டுவிட்டுச் சொன்னான்: "ஒண்ணு போனா கோடு ரெண்டு விரக்கடை எறங்குது. அதுக்கப்புறம் ஆறு மாசத்துக்குக் கவலையில்ல."

அவனைத் திட்ட வாய் வந்தது. என் வாய்க்கால் காய்ந்து கிடக்கிறதே என்ற எரிச்சலில் திட்டுகிறேனா, ஏழு பேருக்காகத் திட்டுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. தீப்பெட்டியை அவன் பக்கம் வைத்துவிட்டு வந்தேன்.

ஊர்க் கூட்டத்தில் இதை நான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். குடிதண்ணீர்க் கிணறு அப்போது சேறாகிவிட்டது. லாரித் தண்ணீர் வாரத்துக்கு ஒருநாள், வீட்டுக்கு நாலு குடம். நாற்று கருகிவிட்டது. கலியபெருமாள் கேட்டுவிட்டு, தலைமடைக்காரன் செய்கிற பாவத்தை நாம் செய்ய வேண்டாம் என்றார். இன்னும் தெம்பாக, இன்னும் அதிக நாள் உட்கார்ந்து புதுக் கோட்டைத் தாண்டுவோம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஐந்து நாள் ஆகும் என்று யாரோ சொன்னார்கள். ஐந்து நாள் யாரால் முடியும் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருடைய பார்வையும் போன இடத்தைப் பார்த்தேன். வேம்பு எழுந்து புடவையைத் தட்டிவிட்டு, பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள்.

மறுநாள் காலையில் ஜே.இ.யிடம் போய், என் மகளுக்குப் பதில் நான் உட்காருகிறேன் என்றேன். செத்தாலும் பரவாயில்லை, செத்தால் நல்லதுதானே உங்களுக்கு என்றேன். அவள் மெஷினில் தேடிப் பார்த்தாள்.

"உங்க கையில மணியே இல்லையே பெரியவரே."

"இல்லைதான். இப்ப போடு."

"போட்டாலும் ஒரு வருஷம் உங்க ஒடம்பப் பாத்துப் பழகினாத்தான் சேத்துக்கும். அதுவரைக்கும் நீங்க அதுக்கு ஊருலயே இல்ல."

"நாலடி தூரத்துல நிக்கிறேன். இல்லைங்குற?"

"நான் சொல்லல. அது சொல்லுது."

என் வாழ்நாளில் எவனிடமும் ஏமாறக் கூடாது என்று இருந்தவன் நான். அன்றைக்கு நான் தாகத்தில் செத்தாலும் அது எந்தக் கணக்கிலும் சேராத சாவு என்று தெரிந்தது.

வேம்புவும் ஒன்பது பேரும் வைகாசி பிறந்த அன்று கொட்டகைக்குள் போனார்கள். மூன்றாம் நாள்வரை பார்த்த பழக்கம்தான். நாலாம் நாள் யாரும் பேசவில்லை. நாக்கு தடித்து வாய்க்குள் அடங்கவில்லை. ஒருத்தன் பித்துப் பிடித்த மாதிரி சுவரில் இருந்த ஈரக் கறையை நக்கினான். அது ஈரமில்லை, பழைய எண்ணெய். நான் டியூட்டி முடிந்து அங்கேயே வாசலில் உட்கார்ந்துகொண்டேன். வேம்பு பாய் முடைவதை நிறுத்தியிருந்தாள். கோரை கையில் அப்படியே இருந்தது.

ஐந்தாம் நாள் மதியம், கொட்டகையிலிருந்து பார்த்தால் தெரிகிற கதவணைப் பலகையில் அவர்கள் மணிகளின் எண்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. ஒன்பது பேர் தாண்டிவிட்டார்கள். வேம்பு கடைசி. தெம்பானவள் அல்லவா, அவள் உடம்பு லேசில் காயாது. இரண்டரை மணிக்கு அவளுடையதும் சிவந்தது. இனி ஒரு மணி நேரம். ஊரே கொட்டகைக்கு வெளியே வந்து நின்றது. கலியபெருமாள் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிமிஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முப்பதாவது நிமிஷத்தில் வேம்பு சாய்ந்தாள். கண் மேலே சொருகியது. காலும் கையும் இழுத்துக்கொண்டன. ஒரு பெண் அவளைப் பிடித்து நெற்றியைத் தடவி, இன்னும் கொஞ்ச நேரம்தான், இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளிடம் சொன்னாளா, தனக்கே சொன்னாளா தெரியவில்லை.

நான் எழுந்து போனேன். டியூட்டிக்குக் கொண்டுபோகிற தூக்குச்சட்டியில் லாரித் தண்ணீர் இருந்தது. கலியபெருமாள் குறுக்கே வந்தார்.

"இன்னும் முப்பது நிமிசம் மாமா. உங்க கால்ல வேணா விழுறேன்."

"வெலகு."

"பொழச்சாலும் பொழச்சுக்கும். போனாலும், ஊருக்காகப் போனதா இருக்கும்."

"ஊரு என்ன பெத்துச்சா அவள?"

அவரைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன். வாயைத் திறக்க முடியவில்லை. பல் கிட்டியிருந்தது. துண்டை நனைத்து உதட்டில் பிழிந்தேன். பிறகு விரலால். பிறகு கரண்டியால். பத்து நிமிஷத்தில் தொண்டை அசைந்தது. அப்போது நாற்பதாவது நிமிஷம். பலகையில் அவள் எண் மெதுவாக நிறம் மாறி வெளுத்தது. பத்தில் ஒன்று குறைந்தால் மீதி ஒன்பதும் செல்லாது. ஒன்பது பேரும் நான் செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நாள் வீணாகப் போனது அவர்களுக்குத் தெரியும். வடக்குத் தெரு ராசப்பன் என்னைப் பார்த்துத் துப்ப முயன்றான். வாயில் எச்சில் இல்லை.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத்தான் போனேன். ஆஸ்பத்திரி பதினைந்து கிலோமீட்டர். அங்கே கொண்டுபோய் என் மனைவியை ஒருதடவை பிணமாக வாங்கி வந்திருக்கிறேன். உப்பும் சர்க்கரையும் கரைத்து, விடிய விடிய ஸ்பூனால் ஊட்டினேன். மறுநாள் மத்தியானம் அவள் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் சூளைக்குப் போனாள். என்னிடம் பேசவில்லை. இன்றுவரை தேவைக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

பத்து நாளில் கோடு மறுபடியும் ஏறியது. பத்துப் பேர் ஐந்து நாள் இருந்து, நாற்பது நிமிஷம் தாண்டியும் இருந்தார்கள், ஒருவருக்கும் கேடில்லை. மெஷின் அப்படித்தான் புரிந்துகொண்டது. இனிமேல் ஆறு நாளோ ஏழு நாளோ. அது முறை இல்லை, கொலை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அடுத்த கூட்டத்துக்கு நான் போகவில்லை. போனால் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். பழைய சட்டத்தை எடுத்துவிடலாமா என்று கலியபெருமாள் கேட்டாராம். எந்தச் சட்டம் என்று அவர் சொல்லவுமில்லை, யாரும் கேட்கவுமில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து தையல்நாயகி எழுந்திருக்கிறாள்.

தையல்நாயகி எங்கள் அடுத்த வீடு. அறுபத்திரண்டு வயது. தனிக்கட்டை. சர்க்கரை வியாதி. ஒரு காலைப் பாதத்தோடு எடுத்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கட்டையை ஊன்றிக்கொண்டு பானைக்கும் கக்கூஸுக்கும் நடப்பாள். அவள் பெயர் போட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டு நான் போய்க் கத்தினேன். உனக்கென்ன தலையெழுத்து, உனக்கு இந்த ஊர் என்ன செய்தது என்றேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எப்பவும் தாகம்தாண்ணே. எவ்வளவு குடிச்சாலும் அடங்குறதில்ல. சும்மா கெடக்குற தாகத்த ஊருக்குக் குடுத்தா என்ன?" என்று சொல்லிச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளே மெதுவாகச் சொன்னாள்: "நீ வேம்புவத் தூக்கிட்டுப் போனது சரிதான். யாரா இருந்தாலும் தூக்குவாங்க. எனக்குத் தூக்க ஆளில்லையில்ல, அதான் வசதி."

என்னைக் குத்தத்தான் சொன்னாளா, ஆறுதலுக்குச் சொன்னாளா, கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நானே தூக்குகிறேன் என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்து யார் என்று ஊர் கேட்டிருக்கும். அடுத்தது யாரென்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் நின்றுகொண்டு நான் நினைத்தது என் மகளைத்தான். இதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை.

தையல்நாயகிக்கு ஐந்து நாள் தேவைப்படவில்லை. இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. கொட்டகையில் அவளோடு உட்கார்ந்த இரண்டு பெண்கள் குலவையும் போடவில்லை, ஒப்பாரியும் வைக்கவில்லை. எது பொருத்தம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான் அப்போது பாலத்தில் இருந்தேன். கோடு இறங்கி, நாலு குடத்தில் காய்ந்துகிடந்த ஊரே அதைத் தாண்டி, பதினொன்றே காலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. சாவி இரண்டு. என்னிடம் ஒன்று, தேவசகாயத்திடம் ஒன்று. இரண்டையும் ஒன்றாகத் திருப்பினால்தான் ஷட்டர் ஏறும். மெஷின் மட்டும் திறந்தது என்று நாளைக்கு எவனும் சொல்லிவிடக் கூடாதாம். மனுஷன் கையும் இருக்க வேண்டுமாம்.

தேவசகாயம் அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தான். யார் என்று அவன் கேட்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வழக்கம்போல் சத்தமாக எண்ணினான். நான் திருப்பினேன். தண்ணீர் கலங்கலாக, நுரையோடு, செத்தை செருப்பெல்லாம் அடித்துக்கொண்டு எங்கள் வாய்க்காலில் இறங்கியது. வயலிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். சிலர் அதில் இறங்கி நின்றுகொண்டு அழுதார்கள்.

சாயங்காலம் ஜே.இ. வந்தாள். அழுத முகம். தையல்நாயகிக்காக ஒரு மாலை வாங்கி வந்திருந்தாள். அரசாங்கத்து ஆள் சொந்தக் காசில் மாலை வாங்கி நான் பார்த்ததில்லை. கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஒண்ணு கேக்கணும் பெரியவரே. அன்னைக்கு வேம்பக்காவ ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல?"

"அங்க என்ன பண்ணுவான்? நான் பண்ணதத்தான் பண்ணுவான்."

"பண்ணுறதுக்கு இல்ல. எழுதுறதுக்கு. தாகத்தால சேத்தோம்னு ஒரு சீட்டு எழுதியிருந்தா அதுவே கேடுதான். அதுவே போதும். அன்னைக்கே கோடு எறங்கியிருக்கும். யாரும் சாக வேண்டியதில்ல."

நான் அவளுக்குக் குறுக்கே போய் நின்றேன்.

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டவ நான். நீங்களா இன்னொரு தடவ கேட்டிருந்தா எப்படியாவது சொல்லியிருப்பேன். நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்க. அவ்வளவு மயக்கத்துல இருக்கவங்கள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகாம இருப்பீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல."

அப்படியானால் இனிமேல் சீட்டு வாங்கினால் போதுமே, ஊருக்குச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினேன். அவள் தலையை ஆட்டினாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதிவிடலாம், அதை நம்ப முடியாது என்று இரண்டு நாடும் போன வாரம் பேசி முடித்துவிட்டதாம். அதிசயமாக இந்த ஒரு விஷயத்தில் ஒரே கூட்டத்தில் ஒத்துப்போனார்களாம். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து சாவை மட்டும்தான் மெஷின் எடுத்துக்கொள்ளும்.

நான் இதையும் ஊரில் போய்ச் சொன்னேன். சீட்டு, ஆஸ்பத்திரி, என் தப்பு, எல்லாவற்றையும். யாரும் என்னை அடிக்கவில்லை. கலியபெருமாள் கேட்டுவிட்டு, ஆறு மாதத்துக்குத் தண்ணீர் இருக்கிறது, அதற்குள் பார்ப்போம் என்றார். பிறகு நாற்றங்காலுக்கு எந்த மடையை முதலில் திறப்பது என்று பேச ஆரம்பித்தார்கள்.

இப்போது வீட்டுக் குழாயில் காலையும் மாலையும் தண்ணீர் வருகிறது. வேம்பு அதைக் குடிப்பதில்லை. சமைப்பாள், எனக்குப் போடுவாள், சூளையில் குடித்துவிட்டு வந்துவிடுவாள். சூளையில் வருவதும் அதே ஷட்டர் தண்ணீர்தான். நான் அவளிடம் அதைச் சொல்லவில்லை.

நான் வீட்டிலேயே குடிக்கிறேன். நல்ல தண்ணீர்.